வெறும் ஒலி

ஒவ்வொரு நேர்காணலும் முடிந்தபின்
யாரும் அசையக் கூடாது என்பேன்.
முப்பது விநாடி.
ஆள் பேசாத அறையின் ஒலி வேண்டும் எனக்கு,
வெட்டி ஒட்டிய இடத்தில்
வெடிப்புத் தெரியாமல் பூச, சாந்து போல.

இங்க்ரிட் கண்ணை மூடிக்கொள்வாள்.
கமரா ரெஜினோல்ட் மூச்சைப் பிடிப்பான்.
வீட்டுக்காரர்கள்தான் பாவம்,
அழுது முடித்த கையோடு
தங்கள் வீட்டிலேயே சிலையாக இருக்க வேண்டும்.

மாளிகைக்காட்டில் சித்தி பஸீலா.
வட்டைக்குக் காவலுக்குப் போன புருசனைச் சொன்னார்.
"மறுகா" என்றார், நிறுத்தினார்.
"மறுகா ஆள் வரல்ல."
அவர் வீட்டுச் சீலிங் ஃபேனில் ஒரு தட்டுத் தளர்ந்திருந்தது,
மூன்று சுற்றுக்கு ஒரு டிக்.
நிறுத்தலாமா என்று கேட்டேன்.
"வெந்துபோவீங்க, சுத்தட்டும்."

காரைதீவில் நேசமலர்.
நடந்தே போயிருக்கலாம்.
வானில் ஏற்றி, பிரதான வீதியால் சுற்றி
இறக்கினான் சாரதி. ஏனென்று யாரும் கேட்கவில்லை.
தம்பி கடைக்குப் போனவன்.
"மறுகா" என்று இவரும் நிறுத்தினார்.
பதினொரு விநாடி.
அந்த நேரம் பார்த்துத்தான்
சூன்பான் ஆட்டோ
தன் இழவெடுத்த இசையோடு ஒழுங்கைக்குள் வந்தது.
வெறும் ஒலி எடுக்கும்போதும் போகவில்லை.
பக்கத்து வீட்டில் மிச்சக் காசுக்கு நின்றது.

ஏழு நாடு, ஏழு சண்டை.
எங்களுக்கு முன்னால்
பனி கொட்டும் ஊரொன்றில்
ஒரே வேதத்தின் இரண்டு சபைகள் ஒரு சாவிக்காக.
எங்களுக்குப் பின்னால் ஓர் ஆற்றங்கரை, ஒரு பசு.
நடுவில் நாங்கள், பதினான்கு நிமிடம்.

கல்முனையில் யன்னலுக்கெல்லாம் கறுப்புச் சீலை கட்டிக் காட்டினோம்.
வெளிச்சம் போட்டதும் ஒருவர் எழுந்தார்,
கையில் போன்.
"எங்கட ஆக்களுக்கு நாலு நிமிசம் இருபது செக்கன்,
அவங்களுக்கு ஆறரை. ஏன்?"
மற்றப் பக்கத்திலிருந்து உடனே:
"கோபுரம் மூணு தரம் வந்திச்சி,
பள்ளி ஒருக்காத்தானே?"
என்ன சொல்கிறார்கள் என்றாள் இங்க்ரிட்.
நீளத்தைப் பற்றி, என்றேன்.

நான் சொல்லாதது:
அந்த நாலு நிமிடம் இருபதில்
பதினொரு விநாடி எங்களுடையதல்ல.
கடலுக்கப்பால் எவனோ
சூன்பானைத் துடைத்தெறிந்து
கையில் அகப்பட்ட மௌனத்தைத் தடவிவிட்டிருந்தான்.
நேசமலரின் முகம் திரையெல்லாம் நிறைந்து நிற்க
அடியில் மூன்று சுற்றுக்கு ஒரு டிக்.
இருட்டில் எனக்கு வேர்த்தது.
வேறு யாருக்கும் கேட்கவில்லை என்றிருந்தேன்.

வயர் சுருட்டும்போது அவர் வந்தார்.
"தம்பி, எங்கட வீட்ட ஃபேன் இல்லையே."
ஓம், என்றேன்.
"அது முன்னுக்குக் கதைச்ச பொம்புளட ஃபேன்."
எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை.
இருபத்தெட்டு வருசம்
படலைச் சத்தத்துக்கு வைத்திருந்த காது.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
அவர் பிளேன்டீக் கோப்பையை வைக்க
இடம் தேடிக்கொண்டிருந்தார்.
"அத அப்படியே உடப்படா தம்பி.
ஒரு நாளைக்குத் தட்டுக் கழண்டு விழும்.
நேர் கீழ அவட கதிர.
சொல்லி உடுங்க."

மூன்றாம் வரிசையில் பஸீலா
கதிரைகளுக்கடியில் குடையைத் தேடிக்கொண்டிருந்தார்.
அந்தா நிற்கிறார், நீங்களே சொல்லுங்களேன், என்றேன்.
நேசமலர் அந்தப் பக்கம் பார்த்தார்.

பதிவுக் கருவியை அணைத்து
பெட்டிக்குள் வைத்திருந்தேன்.
எத்தனை விநாடி என்று
எண்ணவில்லை.